குளவிக்கூடு கண்ணில் பட்டால்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செப்டம்பர் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் புதிதாக வீடு எடுத்து வந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "கார்போர்ட்டில் குளவி கூடு கட்டியிருக்கிறது, என்ன செய்வது?" கேட்கும்போதே பாதிப் பேர் கையில் டூம் என்ற பூச்சிமருந்து ஸ்ப்ரே இருக்கும். கோயில் பணிக்கு வந்தவர்களானாலும் சரி, கம்பெனி வேலைக்கு வந்தவர்களானாலும் சரி, எல்லோருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அது யாருடைய கூடு என்று பாருங்கள், கை வைப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இந்த ஊர் வீடுகளில் தென்படும் கூடுகளில் பெரும்பாலானவற்றை நாம் தொடவே வேண்டியதில்லை. குளவி கொட்டுவதை விட, குளவிக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்கள்தான் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றன. ஏணியிலிருந்து விழுவது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது, பெயர் தெரியாத மருந்தை வாங்கி அடிப்பது, இப்படி.

ஊரில் கதண்டு கடித்து ஆட்கள் இறந்த செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பனைமரத்திலும் தென்னையிலும் பானை போலத் தொங்கும் கூடு கட்டுகிற அந்தக் கதண்டு வகை தென்னாப்பிரிக்காவில் கிடையாது. இங்கே உண்மையிலேயே அஞ்ச வேண்டியது தேனீக்கு. அதனால் வரும் வரிகளில் தேனீயைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்

நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். பூச்சியின் நிறத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கூட்டைப் பாருங்கள். கூடு எதனால் ஆனது, எத்தனை பூச்சிகள் வந்து போகின்றன, எந்த ஓட்டைக்குள் நுழைகின்றன. இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

கூடு மண்ணால் ஆனதா? சுவரில் சேற்றை அப்பியது போல, முஷ்டி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் கவலையே வேண்டாம். ஊரில் வேட்டாளி, வேட்டாவளியன் என்றெல்லாம் சொல்வோமே, அதன் உறவுக்காரர்தான். கறுப்பு உடம்பும், நூல் போன்ற மஞ்சள் இடுப்பும், மஞ்சள் பட்டை போட்ட கால்களுமாக ஒற்றையாகத் திரியும். இதற்குக் கூட்டம் கிடையாது. ஒரு பெண் குளவி தனியாக மண் சுமந்து அறை கட்டி, சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, அதன் மேல் முட்டையிட்டு, வாயைப் பூசிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்க நம்மைத் துரத்தி வராது. கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கூட்டில் வட்டமான ஓட்டைகள் தெரிந்தால் குஞ்சுகள் வெளியேறிவிட்டன, அது காலி வீடு என்று அர்த்தம்.

மண் கூட்டால் வரும் ஒரே தொல்லை அடைப்பு. சாவித்துவாரம், கேட் மோட்டாரின் பெட்டி, கீசரிலிருந்து வெளிச் சுவருக்கு வரும் வழிசல் குழாய் என்று எந்தத் துளை கிடைத்தாலும் மண்ணை வைத்துப் பூசிவிடும். அதில் கீசர் குழாயை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அழுத்தம் கூடும்போது தண்ணீர் வெளியேற வேண்டிய வழி அது. மாதம் ஒருமுறை வாயைப் பார்த்து, மண் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுவரில் உள்ள கூட்டை எடுக்க வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பெயின்ட் சுரண்டும் தகட்டால் பெயர்த்தால் வந்துவிடும். மருந்து எதற்கும் வேலையில்லை.

சின்னஞ்சிறு மண்பானை போல, கழுத்தும் விளிம்பும் வைத்து ஜன்னல் கம்பியிலோ செடியின் குச்சியிலோ ஒட்டியிருந்தால் அது குயவக் குளவி. இது சிலந்திக்குப் பதிலாகப் புழுக்களை அடைக்கும். குணம் அதே சாதுவான குணம்தான். விட்டுவிடுங்கள்.

கூடு சாம்பல் நிறத்தில், காகிதம் போல இருக்கிறதா? அறைகளின் வாய் திறந்து கீழ்நோக்கித் தெரிகிறதா? ஒரு சின்னக் காம்பில் தொங்குகிறதா? இதுதான் காகிதக் குளவி. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். அதிகம் காணப்படுவது பெலோனோகாஸ்டர் என்ற வகை. மெலிந்த நீண்ட இடுப்பு, செம்பழுப்போ கறுப்போ கலந்த உடம்பு, பறக்கும்போது பின்னங்கால்கள் தொங்கும். மரப்பட்டையையும் பழைய வேலிப் பலகையையும் சுரண்டி, எச்சிலோடு மென்று கூழாக்கி இந்தக் காகிதத்தைச் செய்கிறது. கூரைச் சரிவின் அடிப்பக்கம், கார்போர்ட்டின் தகரத்தடி, வெண்டி ஹவுஸ் என்னும் தோட்டத்து மரக் குடிலின் மூலை, தபால்பெட்டி, இன்டர்காம் பெட்டி, தோட்டத்தில் உள்ள மாரியம்மன் மாடத்தின் விதானம் என்று மழை படாத இடமாகப் பார்த்துத் தொங்கவிடும்.

காகிதக் குளவிக்குக் கூட்டம் உண்டு. ஆனால் பெரும்பாலும் சில டஜன்களுக்குள்தான். தேன்கூட்டைப் போல ஆயிரக்கணக்கில் இருக்காது. முக்கியமாக, அது கொட்டுவதற்கு முன் எச்சரிக்கும். நீங்கள் நெருங்கியதும் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பி, இறக்கையை உயர்த்தி, காலை ஊன்றி நிற்கும். அந்தத் தோற்றத்தைக் கண்டால் அப்படியே மெதுவாகப் பின்வாங்குங்கள். கையை வீசாதீர்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

தேனீ என்றால் நிறுத்துங்கள்

சுவரில் காற்றோட்டத்துக்காக வைக்கும் துளையுள்ள காற்றுச் செங்கலின் ஓட்டைக்குள் பூச்சிகள் வரிசையாகப் போய் வருகின்றனவா? தரையில் உள்ள தண்ணீர் மீட்டர் மூடிக்கு அடியிலிருந்து வருகின்றனவா? யூகலிப்டஸ் மரப் பொந்திலிருந்தா? உடம்பில் மென்மயிர் தெரிகிறதா? அது குளவி இல்லை, தேனீ. நம் ஊர் அடுக்குத் தேனீயைப் பெட்டிக்குள் வைத்து நிதானமாக வளர்ப்பதைப் பார்த்தவர்கள் அதே நினைப்பில் இதை அணுகக் கூடாது. இந்தப் பகுதியில் இருப்பது ஆப்பிரிக்கத் தேனீ. ஒரு கூட்டில் பல்லாயிரம் இருக்கும். சீண்டப்பட்டால் மொத்தமாக வரும், சில நூறு மீட்டர் கூடத் துரத்தும். கேப் டவுனுக்கு அருகே சைமன்ஸ் டவுன் கடற்கரையில் 2021 செப்டம்பரில் 63 பென்குயின்கள் ஒரே சமயத்தில் தேனீ கொட்டி இறந்து கிடந்தன. அது அங்குள்ள கேப் தேனீயின் வேலை. நட்டாலில் உள்ள வகை அதைவிடச் சாது இல்லை.

தேனீ கூட்டுக்கு அருகே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். அந்த அதிர்வும் சத்தமும் வெட்டிய புல்லின் வாசனையும் சேர்ந்து அவற்றைக் கிளப்பிவிடும். தோட்ட வேலைக்கு வருபவரிடம் கூடு இருக்கும் இடத்தைக் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் விபத்தில் சிக்குவது வீட்டுக்காரர் இல்லை, அவர்தான். அவருடைய உயிரும் நம் பொறுப்பு.

ஓட்டையை அடைப்பது இன்னொரு தவறான வழி. வெளியே வர வழியில்லாத தேனீக்கள் சீலிங் வழியாகவோ ஸ்விட்ச் பெட்டி வழியாகவோ வீட்டுக்குள் இறங்கும். ஸ்ப்ரே அடித்தால் வாசலில் இருக்கும் சில நூறு சாகும், உள்ளே இருக்கும் ஆயிரங்கள் வெளியே வரும். எல்லாம் செத்தாலும், சுவருக்குள் தேனும் மெழுகும் உருகி வழிந்து, எறும்பும் நாற்றமும் மாதக்கணக்கில் நிற்கும். தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள், கூட்டத்தை உயிரோடு எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார். மாகாணத்துத் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் கேட்டால் உங்கள் பகுதியில் இந்த வேலை செய்பவரைச் சொல்வார்கள். காசு ஆகும்தான். முதலிலேயே விலை கேட்டுக்கொள்ளுங்கள், அடையையும் எடுத்துவிடுவாரா என்றும் கேளுங்கள்.

மரக்கிளையில் திடீரென்று கொத்தாகத் தொங்கும் தேனீக் கூட்டம் வேறு விஷயம். அது புது வீடு தேடிப் புறப்பட்டு இளைப்பாறும் கூட்டம். காக்க வேண்டிய குஞ்சும் தேனும் இல்லாததால் கொஞ்சம் அமைதியாக இருக்கும். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஓரிரு நாளில் பெரும்பாலும் தானே போய்விடும்.

தேனீக்கள் துரத்தினால் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். சில தேனீக்கள் கூடவே உள்ளே வந்தாலும் பரவாயில்லை. நீச்சல் குளத்தில் குதிக்காதீர்கள். நீங்கள் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும் வரை மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

கேப் டவுன் பக்கம் குடியேறினால்

அங்கே கதை கொஞ்சம் மாறும். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு மஞ்சள்-கறுப்புக் குளவிகள் அங்கே பரவியிருக்கின்றன. ஜெர்மன் குளவி 1974 முதல் கேப் தீபகற்பத்தில் இருக்கிறது. தரைக்கடியில் பொந்தில் பெரிய கூடு கட்டும், பிராய் போடும், அதாவது வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடும் இடத்தில் இறைச்சித் தட்டிலேயே வந்து உட்காரும். ஐரோப்பியக் காகிதக் குளவி 2008 வாக்கில் கெய்ல்ஸ் ரிவர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் அயல் இனங்கள், உள்ளூர்ப் பூச்சிகளை அழிக்கின்றன. தரையில் உள்ள ஜெர்மன் குளவிக் கூட்டை நீங்களாகத் தொட வேண்டாம், மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டு ஆள் வைத்து எடுங்கள்.

எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்வது

இனி டர்பன் வீட்டின் காகிதக் குளவிக்கு வருவோம். இரண்டாம் மாடி உயரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். இதை வெறும் கருணைக்காகச் சொல்லவில்லை. கொத்தமல்லி, அவரை, கீரை என்று பின்கட்டில் ஏதாவது போட்டிருந்தால், இலையைத் தின்னும் புழுக்களைப் பிடித்துப்போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்தக் குளவிதான். எலுமிச்சைச் செடியைப் பறவை எச்சம் போன்ற புழுக்கள் மொட்டையடிக்கும் நாட்களில் அதன் அருமை தெரியும். மேலும், கூடு நிரந்தரம் இல்லை. குளிர் வந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

கதவுக்கு மேலே, கேட் பூட்டுக்கு அருகே, துணி காயப்போடும் கொடியடியில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருந்தால் எடுக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது கொட்டினால் அலர்ஜி வரும் என்று தெரிந்திருந்தால் எந்த இடமானாலும் எடுத்துவிட வேண்டும், அதையும் ஆள் வைத்தே எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ராணி ஒன்றோ இரண்டோதான் கூட்டைத் தொடங்கும். அப்போது அது பத்துப் பதினைந்து அறை கொண்ட சின்னப் பொத்தான் அளவு. அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் வேலை மிகச் சுலபம். குளவி வெளியே போயிருக்கும் சமயம் பார்த்து நீளமான விளக்குமாற்றால் தட்டிவிட்டு, காம்பு ஒட்டிய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். மறுநாளும் அங்கேயே தொடங்கும், மறுபடியும் தட்டுங்கள். சில நாளில் சலித்து வேறிடம் போய்விடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி வேறில்லை. அதனால்தான் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்கள் முடிந்ததும், புரட்டாசி விரதத்துக்கு வீட்டைக் கழுவும்போதே, கூரையடியையும் மாடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள் என்று சொல்கிறேன். நம் ஊரில் ஆவணி, புரட்டாசி என்றால் மழைக்காலம் நெருங்குகிற நினைப்பு வரும். இங்கே அது வசந்தத்தின் தொடக்கம்.

தைப்பூசக் காவடிக் காலம், அதாவது ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் கூடு உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, கூட்டம் நிறைந்திருக்கும். அப்போது இப்படிச் செய்யுங்கள்.

பகலில் இடத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தரையில் நின்றே எட்ட முடிகிறதா? ஏணி வேண்டுமென்றால் அந்த வேலை உங்களுக்கு இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். நன்றாக இருட்டிய பிறகு எல்லாக் குளவியும் கூட்டில் அடங்கியிருக்கும், பறக்கவும் தயங்கும். முழுக்கைச் சட்டை, கெட்டித் துணியில் பேன்ட், கால்சட்டையின் நுனி காலுறைக்குள், மூடிய ஷூ, கண்ணாடி, கையுறை. டார்ச்சின் முகத்தில் சிவப்பு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் குளவியின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. டார்ச்சைக் கையில் பிடிக்காமல் ஓரமாகத் தரையில் வையுங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தைத் தேடி வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். பின்வாங்கும் வழியில் செருப்பு, வாளி, நாய்ச் சங்கிலி எதுவும் கிடக்கக் கூடாது.

கூட்டுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். குளவிக்கென்று விற்கும், தூரத்திலிருந்து பீய்ச்சும் ஸ்ப்ரே கிடைத்தால் நல்லது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். கூடு முழுதும் நனையும்படி அடித்துவிட்டு, திரும்பிப் பார்த்து நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு மூன்று மேஜைக்கரண்டி கலந்து, வலுவாகப் பீய்ச்சும் குப்பியில் ஊற்றிப் பயன்படுத்தலாம். சோப்பு நீர் குளவி மூச்சு விடும் துளைகளை அடைத்து விழவைக்கும். ஆனால் அதற்கு அருகில் போக வேண்டும் என்பதால் சின்னக் கூட்டுக்கு மட்டும்தான் சரிப்படும். மறுநாள் காலையில் தூரத்திலிருந்து பார்த்து, அசைவில்லை என்று உறுதியான பிறகு கூட்டைத் தட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செத்த குளவியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள், கொடுக்கு அப்போதும் வேலை செய்யும்.

மின்சார மீட்டர் பெட்டி, டிபி போர்டு என்னும் மின்சார ஸ்விட்ச் பலகை, கேட் மோட்டார் ஆகியவற்றுக்குள் ஸ்ப்ரேயோ தண்ணீரோ அடிக்கக் கூடாது. பிராய் நெருப்பு எரியும் இடத்தருகிலும் கூடாது. மீன் தொட்டி இருந்தால் மூடி வையுங்கள். இந்த மருந்துகளில் பலவும் மீனுக்கு விஷம், சில பூனைக்கும்.

மருந்து வாங்கும் இடத்தில் ஒரு கண்டிப்பு தேவை. சந்தையிலும் தெருவோரத்திலும் லேபிள் இல்லாத குப்பியிலும் சின்னப் பொட்டலத்திலும் பூச்சிமருந்து விற்கிறார்கள். தொடவே தொடாதீர்கள். 2024 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவின் நலேடி பகுதியில் 6 குழந்தைகள் இறந்தார்கள். டெர்புஃபோஸ் என்ற விவசாய விஷம்தான் காரணம் என்று அரசு அறிவித்தது. வயலுக்கு உரிய விஷம் வீட்டுப் பூச்சிக்கென்று தெருவில் விற்கப்பட்டதன் விளைவு இது. முறையான மருந்தின் லேபிளில் எல் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும், 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டம் என்ற குறிப்பும் இருக்கும். பூச்சி ஒழிக்க வரும் ஆளும் அதே சட்டத்தின் கீழ் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

கொட்டிவிட்டால்

முதலில் அந்த இடத்தை விட்டு நகருங்கள். குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் அது மறுபடியும் கொட்டும். தேனீயானால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தாலோ வங்கி அட்டையின் ஓரத்தாலோ உடனே வழித்து எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். மோதிரம் போட்ட கையானால் வீங்கும் முன் கழற்றுங்கள். அரிப்புக்கு பார்மசியில் அலர்ஜி மாத்திரை கிடைக்கும்.

பாட்டிமார் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்த அன்பை மதிக்கிறேன், ஆனால் தடவ வேண்டாம். விஷம் தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது, மேலே பூசும் சுண்ணாம்போ வினிகரோ அதைப் போய்ச் சேராது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கத்தான் செய்யும், குழந்தையின் தோலை இன்னும் அதிகமாக.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் ஒன்றிரண்டு நாளில் வடியும். மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ தொண்டையோ வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 10177-க்கோ, செல்போனிலிருந்து 112-க்கோ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்று தோன்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலாவது ஏற்றி, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அட்ரினலின் ஊசி கைவசம் உள்ளவர்கள் உடனே போட்டுக்கொண்டு, அதன் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், சின்னப் பிள்ளைக்குப் பல இடத்தில் கொட்டினாலும் அப்படியே. மருந்து யாராவது குடித்துவிட்டாலோ கண்ணில் பட்டாலோ விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மறுபடியும் வராமல் இருக்க

பெரிதாக ஒன்றுமில்லை. காற்றுச் செங்கல்களின் ஓட்டைகளை அடைக்காமல், உட்பக்கமோ வெளிப்பக்கமோ நுண்வலை ஒட்டுங்கள். காற்றும் வரும், தேனீயும் நுழையாது. இதைக் கூடு இல்லாத காலத்தில் செய்ய வேண்டும். மீட்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். நீச்சல் குளத்தோரம் வந்து தண்ணீர் குடிக்கும் குளவியையும் தேனீயையும் அடிக்க வேண்டாம், தோட்டத்துக் கடைசியில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் பல அங்கே பழகிக்கொள்ளும். மாடத்தில் விளக்கேற்றப் போகும் முன் விதானத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

வாடகை வீடு என்றால், தேனீக் கூட்டையும் பெரிய குளவிக் கூட்டையும் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், யார் செலவு செய்வது என்பதை ஆளைக் கூப்பிடுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். அடுக்கு வீட்டு வளாகமானால், வெளிச்சுவரும் கூரையும் பொதுவாக வளாக நிர்வாகத்தின் பொறுப்பில் வரும். முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.